நான் தாண்டாத மதகு

மச்சான்,

இன்று காலை கடலூர் பஸ் பிடிக்கப் போகிற வழியில், திரௌபதி அம்மன் கோயில் திடலைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. ஏரியில் வெட்டி எடுத்த களிமண்ணும் வைக்கோலும் தண்ணீரில் ஊறிக் கலந்த வாசனை. நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் படுகளம், துரியோதனன் சாகிற நாள். தரையில் மல்லாந்து கிடக்கிற மண் துரியோதனனுக்கு இடுப்பு வரைக்கும் உடம்பு வந்துவிட்டது. கால் இரண்டும் பனைமரத்து நீளத்துக்கு நீண்டு கிடக்கின்றன. தலை இன்னும் வைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நீ பார்த்திருந்தால் நாய்க்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பாய்.

நான் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாக நடந்தேன். ஊர்க்காரர்களுக்கு அது திருவிழா வாசனை. எனக்கும் ஐம்பது வருஷம் அப்படித்தான் இருந்தது. போன வருஷத்திலிருந்து அது வேறாகிவிட்டது.

நீ போய் ஒரு வருஷம் முடிந்தது. உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உன்னோடு பேசித்தான் பழக்கம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற உன் பஸ்ஸில், உன் சீட்டுக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டிமேல் போட்ட சாக்கில் உட்கார்ந்தபடி பத்தொன்பது வருஷம் பேசினேன். காலையில் எங்கள் ஊரில் ஏறி, சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற என் கடையைத் திறக்கப் போவேன். மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவேன். நீ வண்டி ஓட்டுவாய், நான் வாய் ஓட்டுவேன். உன் கண்டக்டர் என்னிடம், "அண்ணே, அவரு பிரேக்கு போடறதுக்காவது கொஞ்சம் கேப்பு உடுங்க" என்பான்.

அம்மனைப் பற்றி நீ முதலில் கேட்டதும் அந்த இன்ஜின் சூட்டில்தான். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி நின்றுபோயிருந்தது. "உங்க ஊர் சாமி ஏன் மச்சான் தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்குது? பாக்கவே பயமா இருக்குது" என்றாய். நான் கதை சொன்னேன். நெருப்பிலிருந்து பிறந்தவள். அஞ்சு பேருக்கு மனைவி. புருஷன் சூதாட்டத்தில் அவளையும் வைத்துத் தோற்றான். சபையில் முடியைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அன்றைக்கு அவிழ்ந்த கூந்தலை, இழுக்கச் சொன்னவன் தொடை பிளந்து அந்த ரத்தத்தைத் தடவித்தான் முடிப்பேன் என்று சத்தியம் செய்தாள். பதின்மூன்று வருஷம் அப்படியே இருந்தாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வருஷமும் படுகளத்தன்று அவளுக்குக் கூந்தல் முடிக்கிறோம். சாயங்காலம் அவள் தீயில் இறங்குகிறாள். அது அவள் பிறந்த இடம், அதனால் அவளைச் சுடாது. அவளோடு இறங்குகிறவர்களுக்கும் முந்தானையை விரித்துக் கொடுக்கிறாள். அதனால்தான் அந்த நெருப்பைப் பூ என்கிறோம்.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. நீ கியரைப் போட்டுவிட்டுக் கேட்டாய்.

"எல்லாம் சரி. முடியப் புடிச்சி இழுத்தப்ப அஞ்சி பேரும் அங்கதான இருந்தாங்க?"

"இருந்தாங்க."

"ஏன் எழுந்திருக்கல?"

"எப்பிடி எழுந்திருப்பாங்க? சூதுல தோத்துட்டாங்க. வார்த்தைக்குக் கட்டுப்பட்டவங்க. தர்மம்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"இருக்கட்டும். எழுந்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாய். பி.முட்லூர் வரைக்கும் நான் உனக்குத் தர்மத்தை விளக்கிக்கொண்டே வந்தேன். நீ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாய்.

அந்த வருஷமே படுகளம் பார்க்க உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கழுத்தில் சிலுவையோடு கோயில் வாசலில் தயங்கி நின்றாய். வாசலில் ஒரு கல்லைக் காட்டி, இது முத்தால ராவுத்தர், முஸ்லிம், அம்மனுக்குக் காவல் என்றேன். உனக்கு ஒரே சந்தோஷம். "ராவுத்தருக்கு எடம் இருக்குதுன்னா எனக்கும் ஒரு ஓரமா போடச் சொல்லு மச்சான். டிரைவர் வேலைக்கு ஆளு வேணும்ல" என்று உள்ளே வந்துவிட்டாய். பூசாரியே சிரித்துவிட்டார்.

ஆனால் படுகளத்தில் நீ சிரிக்கவில்லை. பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் தொடையில் அடித்ததும், உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிட்டது. ஊர் குலவையிட்டது. அதைத் தொட்டு அம்மனுக்குக் கூந்தல் முடித்தார்கள். அப்புறம் காந்தாரி வேஷம் கட்டியவர் வந்து, மகன் மார்மேல் விழுந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார். மீசையை மழித்த ஐம்பது வயது ஆள், வெள்ளைப் புடவை. கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நீ துரியோதனன் தலைமாட்டில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாய். அவர்கள் எல்லோரும் கால் பக்கம் நின்றார்கள், நீ ஒருத்தன்தான் தலைமாட்டில்.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் அந்த உடம்பிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போனார்கள். அரிசிப் பானையில் போட்டால் வீட்டில் குறைவு வராது என்று என் மனைவி சொன்னாள். "கெட்டவன்னு அடிச்சிக் கொன்னீங்க. அப்பறம் அவன் ஒடம்பையே அரிசியில போட்டு வெச்சிக்கிறீங்க. எதுலதான் சேத்தி நீங்க?" என்று கேட்டாய். அவள் மறுபடி மண்ணுக்குள் கை விட்டாள். உனக்கும் ஒரு பிடி கொடுத்தாள். ஸ்டெல்லா அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மறு வருஷம் பெரிய வெள்ளிக்கு என்னைக் கடலூர் முதுநகருக்கு, உன் வீட்டுக்கு வரச் சொன்னாய். சிலுவையிலிருந்து ஆண்டவர் உடலை இறக்கி, தூம்பா என்கிற பாடையில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப் போனீர்கள். நீயும் தோள் கொடுத்தாய். உங்கள் தெருப் பெண்களும் எங்கள் காந்தாரி அழுகிற ராகத்தில்தான் அழுதார்கள். "நீங்க ஒரு ஒடம்பப் படுக்க வெக்கிறீங்க, நாங்க ஒரு ஒடம்பத் தூக்கறோம். அழுவறது ஒரே அழுகதான்" என்றாய். அதற்கப்புறம் இது வழக்கமாகிவிட்டது. பெரிய வெள்ளிக்கு நான் உன் ஊருக்கு, படுகளத்துக்கு நீ என் ஊருக்கு.

பிறகு உன் கால்கள் வீங்க ஆரம்பித்தன. ராத்திரி டியூட்டி, உட்கார்ந்தே இருக்கிற வேலை, அதனால்தான் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்தபோது நீ வண்டியை விட்டு இறங்கினாய். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். முதல் ஆறு மாதம் அதையும் கிண்டலாகவே பேசினாய். "வாரத்துல மூணு வாட்டி எனக்கு ஆயில் மாத்தறாங்க" என்பாய். நான் வாரத்துக்கு ஒருதரம் கடலூருக்கு வந்தேன். உன் கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன நரம்பைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தபடி பேசுவேன். போன வருஷம் பங்குனியில் உனக்குப் பேச்சு குறைந்துபோனது. பெரிய வெள்ளியன்று தூம்பா உன் தெரு வழியாகப் போனபோது ஸ்டெல்லா உன்னை நாற்காலியில் உட்காரவைத்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள். நீ எழுந்திருக்கப் பார்த்தாய், முடியவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் வேண்டிக்கொண்டேன். தாயே, இவனை எழுப்பிவிடு, இந்த வருஷம் உனக்குப் பூ மிதிக்கிறேன் என்று.

இளவட்டத்தில் மூன்று வருஷம் மிதித்தவன் நான். பிறகு விட்டுவிட்டேன். உனக்காக மறுபடி காப்புக் கட்டப்போகிறேன் என்று போனில் சொன்னதும் நீ இருமி இருமிச் சிரித்தாய். "கிறிஸ்தவனுக்காக மிதிச்சா அம்மா ஏத்துக்குமா? எதுக்கும் ராவுத்தர்கிட்ட ஒரு சிபாரிசு புடி" என்றாய். கடைசியாக நீ சிரித்து நான் கேட்டது அதுதான்.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினேன். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கையும் வேப்பிலையையும் வைத்து வலது மணிக்கட்டில் பூசாரி முடிச்சுப் போட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூ மிதி. அந்தப் பத்து நாளும் எப்படி இருக்க வேண்டும் என்பது உனக்கே மனப்பாடம். கறி மீன் கிடையாது, சவரம் கிடையாது, படுக்கை கோயிலில். சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வடக்கே எல்லை, மெயின் ரோட்டில் வாய்க்கால்மேல் இருக்கிற மதகு. உன் பஸ் தினம் ஆறு முறை தாண்டிய மதகு.

கடையைப் பூட்டிவிட்டேன். தினம் ஒருதரம் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். காய்ச்சல் வந்திருக்கிறது, ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றாள். நான் ஒவ்வொரு நாளும் அம்மன் முன்னால் உட்கார்ந்து உன் பேரைச் சொன்னேன். நான் இங்கே சரியாக இருந்தால் அங்கே நீ சரியாகிவிடுவாய் என்று முழுசாக நம்பினேன் மச்சான். இதை நீ நம்ப வேண்டும்.

வியாழக்கிழமை பகல் கோயிலில் பாரதம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா கூப்பிட்டாள். எழுந்து வெளியே வந்தேன்.

"அண்ணே, ஒருக்கா வந்துட்டுப் போறீங்களா? இன்னிக்கு நல்லா கண்ணு முழிச்சிக்கினு இருக்காரு. உங்களக் கேக்குறாரு. டாக்டருங்க ஒண்ணும் புடி குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கையில் காப்பு. உள்ளே பாரதம். பிரார்த்தனை முடிய இன்னும் மூன்று நாள். இப்போது எல்லையைத் தாண்டினால் ஏழு நாள் விரதமும் வீண், உனக்குத்தான் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பக்கம் நினைப்பு. வீட்டில் என் மகள் ஏழு மாதக் கர்ப்பம், அம்மன் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் என்று இன்னொரு பக்கம். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போது உன் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"மச்சான், இவ சொல்றான்னு கெளம்பி வந்துடாத. காப்போட ஊர் தாண்டக் கூடாது. எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழம முடிச்சிட்டு சாவகாசமா வா. நான் எங்க போயிடப் போறேன்."

"சரிடா. தின்னூறு எடுத்துக்கினு வர்றேன்" என்றேன்.

போனை வைத்ததும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதுகிறேன், மறைக்கப் போவதில்லை. நிம்மதியாக இருந்தது. நீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாயே. அன்று மத்தியானம் கோயிலில் போட்ட சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மனம் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகு வரைக்கும் போனேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரை காய்ந்து கிடந்தது. உன் பஸ் வந்தது. புது டிரைவர், சின்ன வயசு. கை காட்டுவேனோ என்று வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். நான் காட்டவில்லை. அந்தப் பக்கம் கால் வைக்கப் பத்தடிகூட இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு சைக்கிளைத் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை படுகளம். காலை பத்து மணிக்கு மேல், பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான். மேளச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. தூர வந்து கேட்டேன். "மாமா நேத்து சாயங்காலம் தவறிட்டாருண்ணே. இன்னிக்கு நாலு மணிக்கு அடக்கம்" என்றான்.

இதற்கப்புறம் நான் செய்ததை உன்னிடம் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

நேரே பூசாரியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். உன்னை அவருக்கும் தெரியும். "போகணும்னா போ தம்பி. நானே காப்ப அறுத்துடறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். அடுத்த வருசம் கட்டிக்கலாம்" என்றார். வழி திறந்துவிட்டார் மச்சான். அப்போது பதினோரு மணிகூட ஆகவில்லை. பஸ் ஏறினால் பன்னிரண்டுக்கு உன் வீடு. உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். தோள் கொடுத்திருக்கலாம்.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "வயித்துப்புள்ளக்காரி வீட்ல இருக்கா. கட்டுன காப்ப அறுக்காதீங்க. அவருக்கு இனிமே என்னா செய்யப் போறீங்க?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். யாருக்காகக் கட்டினேனோ அவன் போய்விட்டான், காப்பு மட்டும் கையில் நின்றது.

காந்தாரி வந்தார். அதே ஆள், அதே வெள்ளைப் புடவை. மகனே என்று மார்மேல் விழுந்தார். நீ உட்காருகிற தலைமாடு காலியாக இருந்தது. அதுவரைக்கும் கல்லாக நின்றவன் அப்போது அழுதேன். வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் காந்தாரிக்காக அழுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், வெள்ளாற்றுப் பாலத்தில் நீ சொன்னது காதில் விழுந்தது. ஐந்து பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த சபையில் நான் ஆறாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு உன்னைக் குழியில் இறக்குகிற நேரத்தில் நான் குளத்தில் முழுகி மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குப் பூங்கரகம் முதலில் இறங்கியது. அடுத்து நான். வேகமாக நடக்க வேண்டும், நின்றால் சுடும். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். சுடட்டும் என்று நடந்தேன். ஒரு கொப்புளமாவது வரட்டும், அதைக் கொண்டுபோய் ஸ்டெல்லாவிடம் காட்டலாம் என்றுகூட நினைத்தேன். தீ முடிகிற இடத்தில் பால் ஊற்றி வைத்திருக்கிற குழியில் கால் வைத்தபோது பெண்கள் ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் மனைவி இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்து, "ஒரு செவப்புகூட இல்ல. அம்மா ஏத்துக்கினா" என்றாள். அம்மன் முந்தானையை விரித்துத்தான் இருந்தாள். அந்தக் கருணையைப்போல என்னைத் தண்டித்தது வேறெதுவும் இல்லை.

மறுநாள் காப்பு அவிழ்த்ததும் வந்தேன். உன் மண்மேட்டில் சாமந்தி வாடிக் கிடந்தது. மடியில் திருநீறு வைத்திருந்தேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மண்ணில் ஒரு ஓரமாகத் தூவிவிட்டு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் ஸ்டெல்லா காப்பி கொடுத்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கால் நல்லா இருக்குதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகத்தான் பிறந்தது. அதன் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம், இதற்காகத்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ஒரு நிமிஷம்கூட நிற்காது அந்தச் சமாதானம். குழந்தை என்ன செய்யும்? அதன் தலையில் இதை ஏற்றுவது பாவம்.

இந்த வருஷம் காப்புக் கட்டக் கூப்பிட்டார்கள். போன வருஷம் அப்படி மிதித்தவனாயிற்றே, ஊரில் என்மேல் மரியாதை ஜாஸ்தி. மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. இன்று உனக்கு ஆண்டு நினைவுப் பூசை. அதனால்தான் காலையில் மூக்கை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மதகு வரும்போது நன்றாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். நிமிர்ந்து பார்த்தால் புதுச்சத்திரம் வந்துகொண்டிருந்தது. எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்குப் போனோம். உன் படத்துக்குச் சின்ன பல்பு மாலை போட்டிருக்கிறார்கள். அந்த நீல யூனிபார்ம் படம்தான். சாப்பிட்டவர்கள் எல்லோரும் போனபிறகு ஸ்டெல்லா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்னு ஒரு வருசமா நெனச்சிக்கினு இருக்கேன். சொல்லலாமா வேணாமான்னு தெரியல."

"சொல்லும்மா."

"அந்த வியாழக்கெழம நானா உங்களுக்குப் போன் போடல. அவருதான் போடச் சொன்னாரு. 'அவனக் கூப்புடு, ஒருக்கா பாக்கணும்'னாரு. நான் உங்ககிட்ட பேசறப்ப என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாரு. நீங்க ஒண்ணும் சொல்லாம கம்முனு இருந்தீங்க. கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் போனக் குடுன்னு வாங்கிக்கிட்டாரு."

"போன வெச்சப்பறம் என்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

"செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சி, 'அவன் பொண்ணு மாசமா இருக்கா, அவனத் தப்பா நெனக்காத'ன்னாரு. அதுக்கப்பறம் அவ்வளவா பேசல. ஏதாவது ஆனாலும் தீ மிதிச்சி முடிக்கிறவரைக்கும் உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வெச்சிருந்தாரு. என் தம்பிக்கு அது தெரியாது."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உன் பெருந்தன்மையைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் எழுந்து உன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு வருஷமாக என்னை நானே தேற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அவனே வேண்டாம் என்றான். அதையும் நீதான் எனக்குச் செய்து கொடுத்திருக்கிறாய். முடியாது என்று என் வாயால் சொல்ல வேண்டியிருந்ததை, நான் சொல்லாமல் தப்பிக்கட்டும் என்று உன் வாயால் சொல்லியிருக்கிறாய். சாகக் கிடந்தவன் நீ. வந்து பார்த்திருக்க வேண்டியவன் நான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது மனைவி போன் செய்தாள். காப்புக் கட்ட மாட்டேன் என்ற பிறகு அவள் பேசுகிற முதல் பேச்சு. குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, விடாமல் அழுகிறது, "எங்க இருக்கீங்க?" என்றாள்.

"இதோ வர்றேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யோசிக்கவே இல்லை மச்சான். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.